மூன்றாவது மிதி

ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வேலைதான் நன்றாக வரும் என்றால் அந்த ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. சமையல், கோலம், தையல் என்று நாலு வேலை தெரிந்தவர்களுக்குத் தலைக்கனம் நாலாகப் பிரிந்துவிடும். எனக்கு அது மொத்தமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. அந்த இடம் என் வலது கால்.

நான் பிறக்கும்போது தலை முன்னால் வரவில்லை, கால்கள்தான் வந்தன. கால் முன்னால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. (இந்த ஒரு விஷயத்தில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.) ஆள் குப்புறப் படுக்க வேண்டும், முதுகில் மூன்று முறை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். புத்தலப்பட்டில் கரும்பு வெட்டு நடக்கும் நாட்களில் எங்கள் வாசலில் தினமும் இரண்டு பேராவது குப்புறக் கிடப்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஊர் வரிக்கணக்கு பார்க்கும் கர்ணமே வந்து படுத்தார். வரி விஷயமாக அவர்மேல் கோபத்தில் இருந்த என் நைனா, அதாவது அப்பா, "பெரிய மனுசரு, கொஞ்சம் அழுத்தியே மிதிம்மா" என்றார். மிதித்தேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாளில் தானாக விட்டுப்போகிற பிடிப்பு அது என்றும், மிதித்தவளுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றும் யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா தெரியாது.

பதினெட்டு வயதில், ஒரு வைகாசி மாதம், புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். புறப்படும்போது அம்மா காதோடு சொன்னாள்: "காலு முன்னாடி பொறந்த கதைய அங்க சொல்லாத. அப்பறம் ஊரே வந்து வாசல்ல படுத்துக்கும்." என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் நான், அத்தை, மாமா, கொழுந்தன் மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன் மணி. எதைப் பார்த்தாலும் கிண்டல் பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரமான மனிதர், பாதி உயரத்தை முதுகு விழுங்கிவிட்டது. இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் முன்பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார். காலையில் எழுந்தால் கட்டை மாதிரி இருப்பார், ஏர் பிடித்து இரண்டு சுற்று சுற்றியபிறகுதான் கொஞ்சம் இளகுவார். அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது என்பதால் அவருக்கு மட்டும் வாய்வைத்துக் குடிக்கத் தனி டம்ளர். மழை வருமா என்று பார்க்கவும் யாரையாவது கூப்பிட வேண்டும். "அம்மாடி, மேல இன்னா நடக்குது?" என்று என்னைக் கேட்பார். நான் வானத்தைப் பார்த்துச் சொல்வேன். அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போன ஆள் அவர்தான்.

முப்பது வயதில் ஆரம்பித்த வலியாம். 'வாயு' என்றார்கள், 'குளிர்ச்சி' என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். வருஷா வருஷம் ஒரு விரற்கடை வளைந்துகொண்டே போயிற்று.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்த காலம் அது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. சித்தூரில் எல்லை விஷயமாக ஓர் அதிகாரி மனு வாங்குகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே விவசாயி மாமா. ஊரைத் தமிழ்ப் பக்கமே சேர்க்க வேண்டும் என்று அவரே மனு எழுதினார். அவரே வெள்ளிக்கிழமை போய்க் கொடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். பெருமையோடுதான் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மனுவை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இப்டி குனிஞ்சுகினு போய் அதிகாரி முன்னாடி நின்னா இன்னா நெனப்பான்?" என்றார் கடைசியில். "கும்புடு போட்டுக்கினு பிச்சை கேக்க வந்தவன்னு நெனப்பான். நாம கேக்கறது பிச்சையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிமிந்து நின்னா போதும்."

இதை அவர் சொன்னது புதன்கிழமை காலை. அதே காலையில்தான் நான் கேழ்வரகுக் களி கிண்டி, அதை ஒவ்வொருவர் தட்டிலும் வைத்திருந்தேன். அத்தை ஒரு விள்ளல் பிட்டுப் பார்த்தார், உள்ளே மாவு அப்படியே கட்டியாக இருந்தது.

"ரெண்டு மாசமா கிண்டற. இது களியாம்மே?"

"அண்ணி, இத்த துன்னா பல்லு கொட்டிடும். பேசாம கெணத்துக்கு சுவரு வெக்கலாம்" என்றான் மணி.

வேறு எந்த நாளாக இருந்தாலும் உள்ளே போய் அழுதிருப்பேன். அன்றைக்கு ஏனோ ரோஷம் வந்துவிட்டது. "எனக்குக் களி வராது. ஆனா நான் காலு முன்னாடி பொறந்தவ. எங்க ஊர்ல நாப்பது முதுகு நிமித்திக்கீறேன். கர்ணம் முதுகு உள்பட" என்றேன்.

மாமா உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு ஆசை இருந்தது.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "மருமவ மாமனாரு மேல கால வெக்கறதா? நாளைக்கு நாலு பேரு முன்னாடி நான் எப்டி நடமாடறது?"

"வைத்தியத்துக்கு இன்னா மருமவ, மாமனாரு?" என்றார் மாமா.

அரை மணி நேரம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாமா முதுகில் ஒரு புது வேட்டியை நாலாக மடித்துப் போடுவது. நான் முதலில் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பது, பிறகு மிதிப்பது, மிதித்துவிட்டு மறுபடியும் விழுந்து மன்னிப்புக் கேட்பது. (உலகத்தில் வேறு எந்த வைத்தியத்துக்கும் முன்னும் பின்னும் மன்னிப்பு கிடையாது. எங்களுக்கே அதன் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும்.) செய்தி எப்படிப் பரவியதோ, வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். மணி உரலைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நின்றுகொண்டான்.

மாமாவால் குப்புறப் படுக்கவே முடியவில்லை. வளைந்த உடம்பு தரையில் எப்படிப் படியும்? நெஞ்சுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தோம். நான் காலில் விழுந்து எழுந்தேன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மிதி மிதித்தேன்.

எனக்கு அப்போதே தெரிந்தது. மற்றவர்கள் முதுகு மிதித்தால் கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் திரும்பி எழும்பும். இது அசையவில்லை. வாசற்படிமேல் கால் வைத்த மாதிரி இருந்தது. பாதத்துக்குத் தெரிந்த விஷயம் அது. அதோடு இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது மிதியிலும் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "களி மாதிரிதான் இதுவும்" என்றான் மணி, உரல்மேலிருந்து.

மூன்றாவது மிதி வைத்தியத்துக்காக மிதித்தது அல்ல. மணிக்காகவும், அத்தைக்காகவும், வாசலில் நின்ற இருபது பேருக்காகவும் மிதித்தது. இரண்டு காலையும் தூக்கி, மொத்த எடையையும் போட்டு, கிட்டத்தட்டக் குதித்தேன்.

'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாசல் முழுக்கக் கேட்டது.

"விட்டுச்சு! விட்டுச்சு!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஒருத்தி குலவையே போட்டாள். மணி உரலிலிருந்து குதித்து, "அண்ணி, நீங்க ஆளு!" என்றான். மாமாவைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது, உதடு வெளுத்துப் போயிருந்தது. ஆனால் நின்றார். உண்மையாகவே முன்னைவிட நாலு விரற்கடை நிமிர்ந்து நின்றார். வானத்தை நோக்கி முகத்தைத் தூக்கி, "மேகமே இல்லியே" என்றார்.

நான் இரண்டாவது முறை காலில் விழுந்தேன். அன்று மதியம் என் களிக்கு யாரும் குறை சொல்லவில்லை. அத்தை தன் கையால் எனக்குப் பூ வைத்துவிட்டார். இரண்டு மாசத்தில் அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அது.

மறுநாள் விடியற்காலை மாமாவும் நானும் வண்டியில் கிளம்பினோம். ஆடி பிறக்கப் போகிறது, புது மருமகள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். என்னைப் புத்தலப்பட்டில் விட்டுவிட்டு அவர் சித்தூர் போய் மறுநாள் மனு கொடுப்பதாக ஏற்பாடு. புத்தூர் வரைக்கும் சொந்த வண்டி, அதற்கப்புறம் பஸ். செவலை மாடு ஒன்றுதான், சாது மாடு. மாமா வண்டியோட்ட, நான் பின்னால் பலகாரக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் மாடு தானாக நின்றது. மாமா கையிலிருந்து கயிறு நழுவிக் கீழே கிடந்தது.

"அம்மாடி, எறங்கி வா. காலு ரெண்டும் எனுது மாதிரியே இல்ல."

நான் குதித்து ஓடி முன்னால் போனேன். அவரைத் தாங்கி இறக்கப் பார்த்தேன், முடியவில்லை. சரிந்து என்மேலேயே சாய்ந்தார். எப்படியோ சாலை ஓரத்தில் படுக்க வைத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்தே இந்த வலிதான், ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

"அப்பவே ஏன் மாமா சொல்லல?"

"எல்லாரும் உன்ன மெச்சிக்கினு இருந்தாங்களே" என்றார்.

நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். "நான்தான் மாமா ஒடச்சிட்டேன். நான்தான்."

"கத்தாத. நான் சொல்றத கேளு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதோ, சாலை ஓரத்துல பள்ளம் கீது பாரு. சக்கரம் அதுல எறங்கிச்சு. மாடு மெரண்டு இழுத்துச்சு. நான் குப்புற வுழுந்தேன். நீ கண்ணால பாத்த."

"பொய் மாமா அது."

"பொய்தான். உங்க அத்தைக்கு நெசம் தெரிஞ்சா, ஆடிக்குப் போன நீ ஆவணிக்குத் திரும்பி வரமாட்ட. புருசன மிதிச்சு முடமாக்கனவள எந்தப் பொம்பள ஊட்டுல வெச்சுக்குவா? பள்ளத்துல எறங்கிச்சு. அவ்ளோதான்." அப்புறம் மாட்டைப் பார்க்க முயற்சி செய்தார், முடியவில்லை. "அது கோச்சிக்காது" என்றார்.

திருப்பதிக்கு மாங்காய் ஏற்றிப்போன லாரி ஒன்று வந்தது. டிரைவரும் கிளீனரும் இறங்கி, மூட்டைகளை ஒதுக்கி, மாமாவைத் தூக்கி மேலே படுக்க வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வண்டியை வீட்டில் சேர்த்துச் சேதி சொல்வதாக ஒப்புக்கொண்டார். என்ன ஆச்சு என்று டிரைவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன் மாமா, "மாடு" என்றார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு நடுத்தர வயது டாக்டர், தெலுங்குக்காரர். எக்ஸ்ரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதால் அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

முதுகு ஒரே எலும்பு இல்லையம்மா, சின்னச் சின்ன எலும்பாக அடுக்கியது என்றார். இரண்டு எலும்புக்கு நடுவில் முன்பக்கம் ஒரு மெத்தை, பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன மூட்டு. ஒவ்வொரு மூட்டும் துளிதான் அசையும். அந்தத் துளியெல்லாம் சேர்ந்துதான் நாம் குனிவதும் திரும்புவதும் அண்ணாந்து பார்ப்பதும். நமக்கெல்லாம் பிடித்துக்கொள்வது ஒரு மூட்டு முரண்டு பண்ணி, சுற்றியிருக்கிற சதை பயந்து இறுகுவதால். அது நாலு நாளில் விடும். இவருக்கு அப்படி இல்லை. பல வருஷமாக மூட்டுகள் உள்ளுக்குள் வெந்து, ஒவ்வொன்றாக எலும்பாகி ஒட்டிவிட்டன. இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே கம்பு. கம்பு வளையாது. அழுத்தினால் ஒடியும். ஒடிந்த இடம்தான் இது என்று விரலை வைத்துக் காட்டினார்.

மாமா நாலு விரற்கடை நிமிர்ந்தது அந்த ஒடிந்த இடத்தில்தான்.

டாக்டர் மாமாவின் முழங்கை, முழங்கால், முகம் எல்லாம் பார்த்தார். "வண்டியிலேருந்து குப்புற விழுந்திருக்கீங்க. ஒரு சிராய்ப்புகூட இல்லியே" என்றார் தெலுங்கில்.

"மண்ணு மெத்துனு இருந்துச்சு சார்."

"இந்தப் பக்கத்துல முதுகுல ஏறி மிதிக்கிற பழக்கம் உண்டு. யாராவது மிதிச்சாங்களா?"

"எங்க ஊர்ல அதெல்லாம் கெடையாது" என்றார் மாமா. தெலுங்கிலேயே சொன்னார், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. மனு மாமாவின் சட்டைப்பையிலேயே இருந்தது. சனிக்கிழமை அதை எடுத்துப் பார்த்தோம், வேர்வையில் மை ஊறி, பாதி தமிழும் பாதி தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்திருந்தது. மறுபடி ஒன்று எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன். "அதுக்குள்ள அந்த அதிகாரி போயிருப்பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. படுத்தபடி இருந்ததால் கண்ணீர் காதுக்குள் போயிற்று, துடைக்கக் கை எட்டவில்லை, நான்தான் துடைத்தேன்.

மூன்று மாசம் கழித்து வீட்டுக்கு வந்தார். இடது காலை இழுத்துத்தான் நடக்க முடிந்தது. முன்பைவிட இன்னும் கீழே வளைந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பார்த்ததெல்லாம் மனிதர்களின் பாதங்கள்தான். யார் வந்தாலும் காலை வைத்தே ஆள் சொல்வார். நான் வந்தால் மட்டும் பேர் சொல்லாமல், "வந்துட்டியா?" என்பார்.

செவலை மாடு ராசியில்லாத மாடு என்று அத்தை அதைப் புத்தூர்ச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். ஓட்டிக்கொண்டு போன அன்று நான் தொழுவத்தில் நின்று அழுதேன். "இளகின மனசு இவளுக்கு" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த சில வருஷத்தில் எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். ஒரு மனுவால் எல்லை மாறியிருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. மணிதான் வழக்கம்போல் ஆரம்பித்தான்: "எல்லைய டில்லியில முடிவு பண்ணாங்கன்னு எவன் சொன்னான்? எங்க ஊட்டு செவலைதான் பண்ணுச்சு. எங்கண்ணி நைனாவ நிமித்தி அனுப்பனாங்க, செவலை பள்ளத்துல தள்ளி ஊரையே ஆந்திராவுல நிறுத்திடுச்சு." வீடே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமா. சிரிப்பு அடங்கியதும், "மாடு திரும்பி என்னப் பாத்து கண்ணடிச்சுது" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சேர்ப்பார். கதை பெரிசாகப் பெரிசாக உண்மை அதற்குள் ஆழமாகப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் அவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். "மாமா, எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன். என்னால தாங்க முடியல."

"சொன்னா என் முதுவு நிமிருமா?"

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"நிமிரும்னா சொல்லு. இல்லன்னா கஞ்சிய குடு, ஆறுது."

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். நான் நன்றாகக் களி கிண்டக் கற்றுக்கொண்டேன், அவருக்காகத்தான். அவர் போன அன்று உடம்பை நேராகப் படுக்க வைக்க முடியவில்லை. ஒருக்களித்துத்தான் கொண்டுபோனார்கள். பிறகு அத்தையும் போனார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க இப்போது யாரும் இல்லை. என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. பல தடவை வாயெடுத்தேன், அவர் தன் நைனாவைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், விட்டுவிடுவேன்.

போன தையில் என் பெண்ணுக்குக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து சம்பந்தி வீட்டார் நடுவில் மணி உட்கார்ந்து கதையை எடுத்தான். தலை நரைத்தும் அவனுக்குக் குறும்பு குறையவில்லை, உரல், குலவை, பள்ளம், மாடு கண்ணடித்தது எல்லாம் நடித்துக் காட்டினான். புது மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவம் எங்க நைனா. அந்த மாடு மட்டும் மெரளலன்னா இன்னும் இருபது வருசம் நிமிந்து நடந்திருப்பாரு" என்று முடித்தான்.

எனக்கு என்ன வந்ததோ. எழுந்து நின்றேன்.

"மணி, மாடு மெரளவே இல்ல. வண்டி பள்ளத்துல எறங்கவே இல்ல. நான் மூணாவது மிதி மிதிச்சேன் பாரு, அதுலதான் உங்க நைனா முதுவு ஒடிஞ்சுது. நான்தான் ஒடச்சேன்."

மாடு மாதிரி நடித்துக்கொண்டிருந்த மணியின் கை அந்தரத்திலேயே நின்றது. என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அந்த மண்டபம் கேட்டிருக்காது. மணி கைதட்டினான். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருசமா இவளுக்கு இவ்ளோ தமாசு வரும்னு தெரியாமப் போச்சே" என்றார்.

அதிலிருந்து அந்தக் கதை என் வரியோடுதான் முடிகிறது. எந்த விசேஷத்திலும் மணி மாடு வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்துவான். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். "அண்ணி, நீங்க சொன்னாதான் நல்லாருக்கும்" என்பான்.

நான் எழுந்து நின்று சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.